வைன் கூலர்ல சிகார் வச்சிருக்கேன், ஹியூமிடிட்டி ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது

வேளச்சேரிவாசி எழுதியது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போயிடுவேன், முதல் தடவையா கேள்வி கேக்கறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஊரைக் காலி பண்ணிட்டு போன ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஒரு வைன் கூலர் வாங்கினேன், 46 பாட்டில் நிக்கற சைஸ், உள்ள சுமார் 130 லிட்டர் இருக்கும், கம்ப்ரசர் டைப். கம்பி தட்டெல்லாம் எடுத்துட்டு சிகார் கடையில கெஞ்சி வாங்கின காலி மரப்பெட்டிகளை அடுக்கி இப்ப 180 சிகார் கிட்ட உள்ள இருக்கு, பாதி ராபஸ்டோன்னு சொல்ற குட்டையான தடிச்ச சைஸ், மீதி கலவை. பத்து வருஷமா ஒண்ணு ரெண்டுன்னு சேத்தது, பெரும்பாலும் வெளிநாடு போறவங்க வாங்கிட்டு வந்தது, அதனால ஒண்ணு வீணானாலும் வயிறு எரியுது.

பிரச்சனை என்னன்னா டெம்பரேச்சர் 16ல வச்சிருக்கேன், அது கரெக்டா நிக்குது, ஆனா 65% கிட்ட நிக்க வேண்டிய ஹியூமிடிட்டி, அதான் காத்து ஈரம், ஒரு 25 நிமிஷத்துக்குள்ள 52க்கு இறங்கி திரும்ப 74க்கு ஏறி மறுபடி இறங்குது. நாள் பூரா இதே ஊஞ்சல். பின்பக்க சுவர்ல தண்ணி கோடு கோடா வழியுது, கீழ சின்ன குட்டை மாதிரி நிக்குது. மேல் தட்டுல இருந்த நாலு சிகார்ல மேல் இலை விரிசல் விட்டுடுச்சு, கீழ் தட்டுல ரெண்டு சிகார்ல பூஞ்சை. ஒரே பொட்டிக்குள்ள மேல பாலைவனம் கீழ கொடைக்கானல், எப்படின்னே புரியல.

உள்ள ஒரு டப்பால ஸ்பாஞ்ச் போட்டு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி வச்சிருக்கேன், 5 நாளைக்கு ஒரு தடவை 200 மில்லி காலியாகுது. 74க்கு ஏறுதேன்னு பயந்து போன வாரம் சிலிக்கா ஜெல் பாக்கெட் வேற நாலு போட்டேன். வீட்ல ஏசி பெட்ரூம்ல மட்டும்தான், கூலர் இருக்கறது ஹால்ல, மத்தியானம் 33, 34 டிகிரி இருக்கும்.

இந்த ஊஞ்சலை நிறுத்த வழி உண்டா, இல்ல வித்துட்டு ஹியூமிடார்னு சிகாருக்குன்னே வர்ற ஈரம் காக்கற மரப்பெட்டி வாங்கிடலாமா?

---

நடுநிசிநாய் எழுதியது:

ப்ரோ கம்ப்ரசர் டைப்பை தூக்கி போட்டுட்டு கம்ப்ரசர் இல்லாம கரண்ட்லயே குளிர வைக்கற பெல்டியர் டைப் வாங்குங்க, வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் அதான் சொல்றாங்க, சத்தமும் இல்ல. அப்புறம் ஸ்பாஞ்சை ரெண்டா ஆக்குங்க, 52க்கு இறங்காது.

---

கம்ப்ரசர்கோவை எழுதியது:

நடுநிசி தம்பி கோவிச்சுக்காதீங்க, வேளச்சேரிக்கு பெல்டியர் ஆகாதுங்க. அது சுத்தி இருக்கற காத்தை விட ஒரு 10, 12 டிகிரி கீழ கொண்டு போறதுக்கே மூச்சு வாங்கும். ஹால் 34 இருந்தா உள்ள 22, 23க்கு கீழ வராது, அதுவும் ஃபேன் நிக்காம ஓடி. வீடியோ எடுக்கறவங்க வீட்ல ரூமே 22 டிகிரி, அங்க அது போதுமுங்க.

நான் 17 வருஷமா ஃபிரிட்ஜ் ஏசி வேலை, சுருட்டு பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா உங்க பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல முடியும். சில்லுனு மோர் ஊத்துன சொம்பு வெளிய வேர்க்குதில்லீங்களா, அதேதான். பின்சுவருக்குள்ள இருக்கற காயில், குளிர வைக்கற குழாய்ச் சுருள், கம்ப்ரசர் ஓடும்போது 2, 3 டிகிரிக்கு போயிரும். உங்க பொட்டி காத்து 16 டிகிரி, 65% ஈரம்னு வச்சுக்குங்க, அது ஒன்பதரை டிகிரிக்கு கீழ இருக்கற எதைத் தொட்டாலும் தண்ணியா படிஞ்சிரும். அப்ப கம்ப்ரசர் ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் அந்தச் சுவர் காத்துல இருக்கற தண்ணியை உறிஞ்சிட்டே இருக்குது, விடாம ஓடுச்சுன்னா 42 வரைக்கும் இறக்கிப்போடும். கம்ப்ரசர் நின்னதும் சுவர் சூடாகி அதுமேல ஒட்டியிருக்கற தண்ணி திரும்ப காத்துல ஏறும், கூடவே உங்க ஸ்பாஞ்சும் சேந்து ஏத்தும், 74. உங்க ஊஞ்சல் இதாங்க. மெஷின்ல கோளாறு இல்ல, ஃபிரிட்ஜோட குணமே அதுதான்.

வழியுற தண்ணி பூரா திரும்பி வராது. அடியில ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, அது வழியா பின்னால கம்ப்ரசர் மேல இருக்கற தட்டுக்கு போயி அங்க சூட்டுல ஆவியாயிரும். 5 நாளைக்கு 200 மில்லின்னா நாளைக்கு 40, ஒரு நாளைக்கு 55, 60 தடவை கம்ப்ரசர் ஓடுது, ஒரு ஓட்டத்துக்கு முக்கால் கிராம் கூட இல்ல. கணக்கு சரியா வருதுங்களா? நீங்க உள்ள ஊத்துற தண்ணியை மெஷின் வெளிய ஊத்துது. ஸ்பாஞ்சை ரெண்டாக்குனா அது இன்னும் வேகமா இறைக்கும், அவ்வளவுதான். இதுல சிலிக்கா வேற போட்டுருக்கறீங்க. ஒரு கை தண்ணி ஊத்துது, ஒரு கை துடைக்குது, கரண்ட் பில்லு மட்டும் உங்களுக்கு.

முதல் வேலை, பொட்டியை ஹால்ல இருந்து ஏசி ரூமுக்கு நகத்துங்க. வெளிய 34 உள்ள 16னா 18 டிகிரி வித்தியாசம். ரூம் 26, உள்ள 19னா வெறும் 7. சுமை பாதிக்கும் கீழ போயிரும், கம்ப்ரசர் ஓடுற நேரமும் அப்படியே குறையும், ஓடலைன்னா காயாது. பின்னால நாலு விரக்கடை இடம் விடுங்க, சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க.

இந்த வைன் கூலர் பெரும்பாலும் 18க்கு மேல செட் ஆகாது. 19, 20 வேணும்னா தனியா ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வாங்கி அதுல ப்ளக்கை சொருகுங்க, சென்சார் வயரை கதவு ரப்பர் வழியா உள்ள விடுங்க. ரெண்டு விஷயம் பாத்துக்கணும். கம்ப்ரசர் டிலே 3ல இருந்து 5 நிமிஷம் வைங்க, இல்லைன்னா நின்ன உடனே திரும்ப கிளம்பப் பாத்து கம்ப்ரசர் அடி வாங்கும். அடுத்தது உங்க மாடல் டச் பேனல்னா கரண்ட் போயி வந்ததும் தானா ஆன் ஆகுதான்னு ஒரு தடவை ப்ளக்கை புடுங்கி பாருங்க. சிலது நாம கை வச்சாத்தான் எந்திரிக்கும், அந்த மாதிரி மாடலுக்கு இந்த வேலை ஆகாதுங்க.

பின்னாடி தட்டையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. டெங்கு சீசன்ல கார்ப்பரேஷன்காரங்க வந்தா முதல்ல டார்ச் அடிக்கறது அங்கதான்.

---

வேளச்சேரிவாசி எழுதியது:

அண்ணே, இவ்ளோ நாள் நான் எதோ மெஷின் மேல சந்தேகப்பட்டுட்டு இருந்தேன், 40 மில்லி கணக்கு பாத்ததும் சிரிச்சுட்டேன், நானே தண்ணி லாரி ஓட்டிட்டு இருந்திருக்கேன். தட்டை பாத்தேன், நல்லவேளை புழு இல்ல, ஆனா முக்கால் தட்டு தண்ணி நின்னுச்சு. கரண்ட் போயி வந்தா தானா ஆன் ஆகுது, அதையும் செக் பண்ணிட்டேன்.

ஆனா ஒரு டவுட்டு. கம்ப்ரசர் குறைவா ஓடினாலும் ஓடும்போது இறங்கத்தானே செய்யும்? ஊஞ்சல் மெதுவா ஆடும், நிக்காதே?

---

அடையார்காத்து எழுதியது:

நிக்காது. நிக்கவும் வேண்டாம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தலைவா ஒரு கணக்கு போட்டு பாருங்க. 18 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 15 கிராம் சொச்சம் தண்ணிதான் தாங்கும், அதுல 65%னா 10 கிராம். உங்க பொட்டி 130 லிட்டர், அப்ப அந்தக் காத்து மொத்தத்துலயும் இருக்கற தண்ணி 1.3 கிராம். ஒரு டீஸ்பூன்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. இப்ப சிகார் பக்கம் வாங்க, 180 சிகார், ஒண்ணு சராசரியா 12 கிராம்னு வச்சா ரெண்டு கிலோவுக்கு மேல, நல்ல நிலைமைல இருக்கற புகையிலையோட எடையில எட்டுல ஒரு பங்கு தண்ணி இருக்கும், அதாவது கால் லிட்டர். காத்துல 1 கிராம், சிகார்ல 250 கிராம். நீங்க அந்த 1 கிராம் ஆடறதை பாத்து தூக்கம் கெட்டு உக்காந்திருக்கீங்க. சிகார் இவ்ளோ வேகமா ஈரத்தை வாங்காது, விடாது, அதுக்கு நாள்கணக்கு ஆகும், 25 நிமிஷ ஊஞ்சல் அதுக்குத் தெரியவே தெரியாது, அதுக்குத் தெரியறது அன்னைக்கு முழுக்க சராசரி எவ்ளோங்கறதுதான்.

அப்ப மேல ஏன் வெடிச்சுது, கீழ ஏன் பூத்துதுன்னா சராசரியே இடத்துக்கு இடம் வேற. உங்க ஸ்பாஞ்ச் கீழ இருக்கும், குட்டையும் கீழ, ரெண்டு சிகாரும் அந்த ஈரத்துக்குப் பக்கத்துல கிடந்திருக்கும். மேல ஃபேன் நேரா அடிக்கும், காயில்ல காஞ்ச காத்து முதல்ல வர்றது அங்கதான். நான் சொன்னது சரியா?

இதுக்கு நான் கண்ட ஒரே மருந்து, கூலரை கூலிங்க்கு மட்டும் விடுங்க, ஈரத்தை அதுகிட்ட இருந்து புடுங்கிடுங்க. நல்ல ரப்பர் கேஸ்கெட் வச்சு நாலு பக்கமும் கிளிப் போடற பிளாஸ்டிக் டப்பா, மளிகை சாமான் போட்டு வைப்போமே அது, நாலஞ்சு வாங்குங்க. சோப்பு வாசனை போற வரைக்கும் கழுவி ரெண்டு நாள் திறந்து காய விடுங்க. சிகாரை அதுக்குள்ள மாத்தி கூடவே டூ-வே பாக்கெட், போவேடா மாதிரி, 65% நம்பர் போட்டது, 60 கிராம் பாக்கெட் 25 சிகாருக்கு ஒண்ணுன்னு கணக்கு, உங்களுக்கு எட்டு போதும். அதுக்குள்ள இருக்கறது உப்புக் கரைசல், ஈரம் குறைஞ்சா விடும், அதிகமானா உறிஞ்சும், ஸ்பாஞ்ச் மாதிரி ஒருவழிப் பாதை இல்ல. பாக்கெட் அமுக்கினா கல்லு மாதிரி ஆச்சுன்னா ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். மூடின டப்பாவை கூலர்ல வச்சா வெளிய காத்து 40க்கு இறங்கட்டும் 75க்கு ஏறட்டும், டப்பாக்குள்ள ஊசி அசையாது. மரப்பெட்டி அழகு போச்சேன்னு இருந்தா பெட்டியில இருந்து பலகையை மட்டும் கழட்டி டப்பாக்குள்ள அடியில போடுங்க, வாசமும் இருக்கும். அந்தப் பலகைக்கு ஸ்பானிஷ் சீடர்னு பேருதான், ஸ்பெயினும் இல்ல சீடரும் இல்ல, நம்ம வேப்பமரக் குடும்பத்து மரம் அது.

பூஞ்சை வந்த ரெண்டுல பத்த வைக்கற முனையில உள்ள வரைக்கும் போயிருந்தா யோசிக்காம தூக்கிப் போடுங்க. விரிசல் விட்ட நாலையும் அவசரப்பட்டு ஈரத்துல முக்காதீங்க, உள்ள இருக்கற இலை ஊதி இருக்கற விரிசலும் நெட்டுக்க கிழியும். தனி டப்பால 58 பாக்கெட்டோட ஒரு மாசம், அப்புறம் 62, அப்புறம் மத்ததோட சேருங்க.

முதல்ல ஈரம் காட்டற உங்க மீட்டரை நம்பலாமான்னு பாருங்க. தண்ணி பாட்டில் மூடில தூள் உப்பு போட்டு சொட்டு சொட்டா தண்ணி விட்டு ஈர மணல் மாதிரி ஆக்குங்க, கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவர்ல போட்டு மூடி ராத்திரி பூரா விடுங்க. காலைல 75 காட்டணும். எவ்ளோ கூட குறைய காட்டுதோ அது உங்க மீட்டரோட பொய்.

---

அறமேதுணை எழுதியது:

புகை பிடிச்சு செத்துப் போறதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா? இந்த மூளையை வேற எதுக்காவது போடலாம்.

---

அடையார்காத்து எழுதியது:

உண்மைதான் சார், மறுக்கல. மாசத்துக்கு ஒண்ணு, பால்கனில, அதுக்கும் வீட்ல திட்டு தனியா உண்டு. நீங்களும் வரிசையில நின்னுக்கோங்க.

---

பனிக்காட்டான் எழுதியது:

நான் ரொறன்ரோவில இருக்கிறன், எனக்கு இஞ்ச பிரச்சினை தலைகீழ், அதால எழுதோணும் போல இருந்தது. மாரியில வெளியால மைனஸ் 10 குளிருக்க காத்தில தண்ணியே கிடையாது, கன மீட்டருக்கு 2 கிராம், அதைக் கொண்டு வந்து ஹீட்டர் 21க்கு சூடாக்கினா 12% கூட வராது. சமையல், குளியல் எண்டு வீட்டில வாற ஈரத்தோட சேத்தும் 25க்கு மேல ஏறுறது கஷ்டம். உதடு வெடிக்கும், தளபாடம் வெடிக்கும், சுருட்டு வெடிக்காம இருக்குமோ. கூலர் கதவை ஒருக்காத் திறந்தா உள்ள இருந்த ஈரம் முழுக்க வெளியால போயிடும். உங்களுக்கு சென்னையில கதவைத் திறந்தா ஈரம் உள்ளுக்க வரும், 33 டிகிரி 70% எண்டா கன மீட்டருக்கு 25 கிராம், என்ர வீட்டை விட அஞ்சு மடங்கு! அப்ப வெளிநாட்டுக்காரர் எழுதுற அறிவுரையை அப்பிடியே எடுக்காதேங்கோ. அவையள் ஈரத்தை உள்ளுக்க வச்சிருக்கப் போராடுற ஆக்கள், நீங்கள் ரெண்டு பக்கமும் போராடுறியள்.

நான் ஐப்பசிக்குப் பிறகு கூலர் பிளக்கையே கழட்டிப் போடுவன், பேஸ்மென்டில தானா 18, 19 நிக்கும், அப்ப அது வெறும் நல்லாப் பூட்டுற அலுமாரி. உள்ளுக்க ஈரத்தை 65%ல பிடிச்சு வச்சிருக்கிற மணிகள் ரெண்டு கிலோ போட்டு வச்சிருக்கிறன், சிலிக்கா மணி, வெள்ளையா இருந்தா காய்ஞ்சிட்டுது, கண்ணாடி மாதிரி தெளிஞ்சா குடிச்சிட்டுது, பார்த்த உடன விளங்கும். முக்கால்வாசி தெளிவா, கால்வாசி வெள்ளையா இருக்கிற மாதிரி தண்ணி தெளிச்சு விடுவன், அப்ப ஏத்தவும் இடம் இருக்கும், இறக்கவும் இடம் இருக்கும். பிளக்கில கூலர் ஓடுறது ஆடி ஆவணி மட்டும்தான்.

அம்மப்பா யாழ்ப்பாணத்தில சுருட்டுப் பத்துறவர், ஊர்ச் சுருட்டு, தேங்காய் மட்டைப் புகையில பதப்படுத்தின புகையிலை. தகரப் பேணிக்குள்ள போட்டு தலைமாட்டில வச்சிருப்பார், அவ்வளவுதான் அவற்ற ஹியூமிடார். என்ர பேஸ்மென்டை அவர் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பார் எண்டு நினைக்கச் சிரிப்பு வருது.

---

உறையூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்துக்காரர் பேணியை எடுத்துட்டார், அப்ப திருச்சிக்காரன் சும்மா இருக்க முடியுமா. வெள்ளைக்காரன் காலத்துல லண்டன் வரைக்கும் கப்பல் ஏறிப் போன சுருட்டு எங்க ஊரு சுருட்டு. எங்க தாத்தா உறையூர்ல சுருட்டு சுத்தினவர், மீட்டரு கீட்டரு எதையும் கண்ணால பாத்ததில்ல. சுருட்டை காதுகிட்ட வச்சு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மெதுவா உருட்டுவாரு. சரசரன்னா காஞ்சது. சத்தமே இல்லாம மெத்துனு அமுங்கி அமுங்கினபடியே நின்னா ஊறிப்போச்சு. லேசா அமுங்கி மெல்ல பழைய உருவத்துக்கு வரணும், அதான் பதம்பாரு. கடைக்கு வந்தவங்க பேசிட்டே இருப்பாங்க, இவரு பதில் சொல்லிட்டே காதுல உருட்டிட்டு இருப்பாரு, ஒதுக்கறதை இடது பக்கம் வைப்பாரு. வேளச்சேரி தம்பி, மேல் தட்டுல ஒண்ணு, கீழ் தட்டுல ஒண்ணு எடுத்து காதுல வச்சு உருட்டிப் பாருங்க, மீட்டர் சொல்றதை விட அது ஒழுங்கா சொல்லும்.

ஈரத்தை பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, வண்டை பத்தி யாரும் சொல்லல. 24, 25 டிகிரிக்கு மேல போனா புகையிலை வண்டு முட்டை வேகமா பொரிய ஆரம்பிக்கும், குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், தட்டினா மாவு கொட்டும். நான் இப்ப மளிகை மொத்த வியாபாரம், சத்தியமா சொல்றேன், அதே வண்டுதான் மஞ்சள்லயும் மல்லியிலயும் வர்றது, புகையிலைக்குன்னு தனியா ஒண்ணு இல்ல. அதனால மளிகை டப்பான்னு அடையார் நண்பர் சொன்னாரே, அது புது டப்பாவா இருக்கட்டும், வீட்ல மல்லித்தூள் போட்ட பழைய டப்பாவை எடுக்காதீங்க. வண்டு வந்தா ஜிப் கவர்ல காத்தில்லாம மூடி, ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூணு நாள் மைனஸ் 18க்கு ஃப்ரீஸர், திரும்ப ஒரு நாள் ஃபிரிட்ஜ், அப்புறம்தான் வெளிய. நேரா ஃப்ரீஸர்ல இருந்து எடுத்தா மேல் இலை பிளந்துடும்.

மெட்ராஸ்ல ஒரு நாள் ராத்திரி பூரா கரண்ட் போனாலே பொட்டிக்குள்ள 28 வந்துடும். இன்வெர்ட்டர்ல கூலரை போடறதுக்கு முன்னாடி கோவை மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேளுங்க.

---

கம்ப்ரசர்கோவை எழுதியது:

சின்ன இன்வெர்ட்டர்ல போடாதீங்க, கம்ப்ரசர் கிளம்புற நொடியில ஓடும்போது இழுக்கறதை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், ட்ரிப் ஆயிரும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா கிட்டக்கூட கொண்டு போகாதீங்க. நாலஞ்சு மணி நேரம் கரண்ட் இல்லைன்னா கதவைத் திறக்காம விட்டுருங்க, ரெண்டு கிலோ சரக்கும் மரமும் சூடாக நேரம் புடிக்கும். பயமா இருந்தா ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் நல்லா மூடி போட்டு அடியில வைங்க, குளிர்ச்சியை புடிச்சு வச்சுக்கும், கம்ப்ரசரும் அடிக்கடி ஆன் ஆகாது.

டப்பா ஐடியா நல்லா இருக்குதுங்க. மரப்பெட்டியே வேணும்னு அடம் புடிக்கற ஆளுக்கு இன்னொண்ணு. அந்த அடி ஓட்டையில ஒரு ட்யூப் மாட்டி வளைச்சு யூ மாதிரி கட்டிருங்க, வளைவுல தண்ணி நின்னு வெளிக்காத்து உள்ள வராது. சில பேரு ஓட்டையை அடைச்சு தண்ணியை உள்ளயே ஒரு கிண்ணத்துல புடிப்பாங்க, திரும்ப ஆவியாகி காத்துக்கே வரும்னு. கேக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா மறந்தா அதே குட்டை, அதே பூஞ்சை.

---

அடையார்காத்து எழுதியது:

ஒண்ணு விட்டுட்டேன், சென்னைல இது முக்கியம். கூலர்ல இருந்து டப்பாவை எடுத்து ஹால்ல வச்சு உடனே திறக்காதீங்க. சிகார் 18 டிகிரில இருக்கு, ஹால் காத்து 27க்கு கீழ எதைத் தொட்டாலும் தண்ணியா படியும், கண்ணாடி போட்டவங்க ஏசி கார்ல இருந்து இறங்கினா கண்ணாடி மங்குதே அதே கதை சிகார் மேல நடக்கும், மேல் இலை நனைஞ்சு புள்ளி விழும். ஏசி ரூம்லயே திறங்க, வேணுங்கறதை மட்டும் ஜிப் கவர்ல போட்டு மூடி அரை மணி நேரம் வெளிய விட்டுட்டு அப்புறம் கவரை பிரிங்க. நான் ரெண்டு வருஷம் இது தெரியாம புள்ளி விழுந்ததையெல்லாம் பூஞ்சைன்னு நெனச்சு தூக்கிப் போட்டிருக்கேன். இப்ப நெனச்சாலும் கடுப்பா வருது.

---

வேளச்சேரிவாசி எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

உப்பு டெஸ்ட் முதல்ல. 75க்கு பதிலா 81 காட்டுச்சு. அதாவது என் மீட்டர் 6 கூட்டிச் சொல்லிட்டு இருந்திருக்கு. அப்ப நான் 74ன்னு பயந்து சிலிக்கா போட்டப்ப நெஜத்துல 68, 52ன்னு பாத்தது 46. வெடிச்சதுல ஆச்சரியமே இல்ல. அதுலயும் மீட்டரை ஃபேன் பக்கத்துலயே ஒட்டி வச்சிருந்தேன், ஸ்பாஞ்ச் கீழ இருந்துச்சு, அடையார் அண்ணன் வீட்டுக்கு வந்து பாத்த மாதிரி சொல்லிட்டாரு.

உறையூர் ஐயா சொன்னபடி காதுல வச்சு உருட்டினேன், மேல் தட்டு சிகார் அப்பளம் நொறுக்கற மாதிரி சத்தம் போட்டுச்சு, கீழ் தட்டு ஊமை. நான் சோபால உக்காந்து ஒவ்வொண்ணா காதுல வச்சு கேட்டுட்டு இருந்ததை பாத்து பொண்ணு அம்மாவை கூப்பிட்டு காட்டிட்டா, இன்னும் வீட்ல அந்தப் பேச்சு ஓயல.

கூலரை பெட்ரூமுக்கு நகத்திட்டேன். அதுக்கு நடந்த பேச்சுவார்த்தை தனிக் கதை, மேல் தட்டு முழுசும் வீட்டம்மாவோட சாக்லேட்டுக்கு விட்டுக் கொடுத்துத்தான் உடன்படிக்கை ஆச்சு. கண்ட்ரோலர் போட்டு 19, டிலே 5 நிமிஷம். முன்னாடி 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளம்பின கம்ப்ரசர் இப்ப ராத்திரில முக்கால் மணி நேரத்துக்கு மேல சும்மா கிடக்கு. புது டப்பா அஞ்சு, 65 பாக்கெட் எட்டு, அடியில பலகை. முதல் வாரம் டப்பாக்குள்ள 61, 62ன்னு இருந்துச்சு, கலங்கினேன், அப்புறம் காஞ்ச சிகார் பாக்கெட்ல இருந்து குடிக்குதுன்னு புரிஞ்சு கை வைக்காம விட்டேன். நேத்து பாத்தப்ப அஞ்சு டப்பாலயும் 64, 65, 65, 66, 64, பொய்யை கழிச்சுட்டு சொல்றேன். கூலர் காத்து இன்னமும் 45க்கும் 70க்கும் நடுவுல ஆடிட்டுத்தான் இருக்கும்னு நெனைக்கறேன், மீட்டரை அங்கிருந்து எடுத்துட்டேன், பாக்கறதில்ல.

வெடிச்ச நாலும் தனி டப்பால 58ல படுத்திருக்கு, பூத்த ரெண்டுல ஒண்ணு குப்பைக்கு, இன்னொண்ணு மேலோட்டமா இருந்துச்சு, துடைச்சு தனியா வச்சிருக்கேன், பாப்போம்.

கடைசியா ஒரு சில்லறை கேள்வி. ஸ்பாஞ்சுக்குன்னு வாங்கின டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர் கேன் ரெண்டு அப்படியே இருக்கு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமா?

---

கம்ப்ரசர்கோவை எழுதியது:

தாராளமா ஊத்துங்க. மேக்சிமம் கோட்டைத் தாண்டாதீங்க, பழைய ஞாபகத்துல.